அவர் பெயரில் நீ போட்ட பூட்டு

மூன்றாவது உறையும் வந்துவிட்டது. இன்று காலை தபால்காரர் சைக்கிளை வாசலில் நிறுத்தி, "ஏனுங்க்கா, மறுபடியும் அந்த வெளிநாட்டுக் கடுதாசிங்" என்று நீட்டினார். அதே பழுப்பு உறை, ஓரத்தில் அதே நீலச் சீட்டு, மூலையில் ஏதோ பறவைப் படம் போட்ட தபால்தலை. மேலே என் பெயரும் நம் வீட்டு முகவரியும், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி தனித்தனி எழுத்துகளாக. கையில் வாங்கியதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுப்பில் பருப்பு பொங்கி வழிகிறது, நான் வாசலில் நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். தபால்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வேகமாக மிதித்துப் போய்விட்டார்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது தம்பி. போன உயிரைத் திட்டக்கூடாது, அது அலையும் என்று கோவிலில் பூக்கட்டுகிற அம்மா சொன்னாள். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் திட்டினேன். அலைந்தால் அலையட்டும். இருந்தபோது ஒரு இடத்தில் உட்கார்ந்து என்னிடம் உண்மையைச் சொன்னாயா நீ?

உறையை இன்னும் பிரிக்கவில்லை. பிரிக்காமலே தெரியும் உள்ளே என்ன இருக்கும் என்று. கதை சொல்லுகிற கம்ப்யூட்டர் விளையாட்டை யார் வேண்டுமானாலும் தானே செய்துகொள்ளட்டும் என்று நீ ஒரு கருவி செய்துவைத்தாயே, அது இணையத்தில் ஓர் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஒரு பூட்டு இருக்கிறது. அதைத் திறக்கிற சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவன் நீ. இன்னொருத்தி நான். அந்தச் சொல்லைத்தான் இந்த உறைகளை அனுப்புகிற போலந்துக்காரர் ஏழு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நானும் கொடுக்க மாட்டேன் என்று ஏழு மாதமாக உட்கார்ந்திருக்கிறேன்.

அந்தக் கருவியே இந்த வீட்டு மாடியறையில், என் கண் முன்னால் உருவானதுதான். நாளெல்லாம் நீ வீரபாண்டியில் அந்த பிரிண்டிங் யூனிட்டில் பனியனுக்கு டிசைன் போடுவாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கையைத் துடைத்ததும் மாடியேறிவிடுவாய். கொஞ்ச நேரம் கழித்து மேலேயிருந்து குரல் வரும்.

"அக்கோவ், சித்த மேல வாங்க."

"என்றா, பாத்திரம் கழுவோணும்."

"பாத்திரம் எங்க போகுது. வாங்க."

முழங்கால் வலியோடு ஏறி வந்து பார்த்தால், திரையில் கட்டம் கட்டமாக ஒரு அட்டவணை. பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் பேக்கிங்கில் நின்றவள் நான். கீழ்வாட்டில் சைஸ், குறுக்கே கலர், கட்டத்துக்குள் எத்தனை பீஸ். அந்தச் சார்ட்டைத்தான் நீ அப்படியே எடுத்துவைத்திருந்தாய்.

"இதென்னடா, எங்க பேக்கிங் சார்ட்டு?"

"அதேதானுங்க்கா. அதப் பாத்துத்தான் போட்டேன். கீழ சைஸுக்குப் பதிலா பொருளு. குறுக்க கலருக்குப் பதிலா, அந்தப் பொருள என்ன பண்றதுன்னு. பாக்கறது, எடுக்கறது, தெறக்கறது, குடுக்கறது, பேசறது. கட்டத்துக்குள்ள, அப்படிப் பண்ணுனா என்ன பதில் வருமோ அது. கம்ப்யூட்டர் பாஷை ஒண்ணும் தெரிய வேண்டாம். கட்டத்த ரொப்புனா விளையாட்டு."

"அதுக்கு நான் எதுக்கு?"

"உங்களுக்குப் புரிஞ்சா எல்லாத்துக்கும் புரியுமுங்க்கா. அப்பறம், பதில் சொல்றதுக்கு உங்கள மாதிரி ஆளு எங்க கெடைக்கும்?"

எட்டாவது வரைக்கும் படித்தவள் என்பதைத்தான் அவ்வளவு மரியாதையாகச் சொன்னாய். அதற்கும் அன்றைக்கு உனக்கு நன்றாகக் கிடைத்தது. ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். நீ பரிசோதனைக்குச் செய்த முதல் விளையாட்டு ஒரு தோட்டத்து வீடு. மூக்குத்தியைத் தொலைத்த ஒரு பெண் அதைத் தேடிக்கொண்டு வீடு முழுக்க அலைகிறாள். அங்கே கோழிக்கூடை இருந்தது, கிணறு இருந்தது, ஆட்டுரல், சாமி படம், எரிகிற விளக்கு எல்லாம் இருந்தன. நீ ஒவ்வொரு கட்டமாகக் கேட்பாய், நான் வாயில் வந்ததைச் சொல்வேன், நீ தட்டுவாய்.

"கோழியத் தெறந்தா?"

"கோழிய எங்கடா தெறப்பே. கூடையத் தெற, கோழி தானா வரும்."

"கெணத்துகிட்டப் பேசுனா?"

"அது நீ சொன்னதையேதான் திருப்பிச் சொல்லும். வேலையப் பாரு."

"ஆட்டுரல எடுத்தா?"

"நம்மம்மா இருந்தா இதக் கேட்டுட்டு உன்னையத் தூக்கி அதுக்குள்ள போட்டிருப்பா."

விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தட்டினாய். நான் சொன்ன பதில்கள் அப்படியே அந்தக் கருவியோடு மாதிரி விளையாட்டாகப் போய், எங்கெங்கேயோ உட்கார்ந்திருக்கிறவர்கள் கோழியைத் திறக்கப் பார்த்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பது பிற்பாடுதான் எனக்குத் தெரியும்.

ஒரு வாரம் நீ இல்லாதபோது நானே உட்கார்ந்து ரொப்பினேன். பாதிக் கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டேன். எங்கள் சார்ட்டில் கட்டம் காலி என்றால் அந்தக் கலரில் அந்த சைஸ் இல்லை என்று அர்த்தம். அட்டைப்பெட்டியை ஒட்டி வண்டியில் ஏற்றிவிடுவோம், அவ்வளவுதான். நீ வந்து ஓட்டிப் பார்த்தாய். ஆட்டுரலைத் தொட்டதும் விளையாட்டு வாயடைத்து நின்றுவிட்டது.

"காலி உட்றாதீங்க்கா," என்றாய். அப்போது நீ சிரிக்கவில்லை. "விளையாடறவங்க எங்க கை வெச்சாலும் ஒரு பதில் இருக்கோணும். கிறுக்குத்தனமா இருந்தாலும் பரவால்ல, திட்டா இருந்தாலும் பரவால்ல. கேட்டவங்கள பதில் இல்லாம நிக்க வெக்கறதுதான் பெரிய தப்பு."

நீ சொன்னாய் தம்பி இதை. நீதான் சொன்னாய். நான் எத்தனை முறை கேட்டேன் உன்னிடம், ஏன் மெலிகிறாய், ஏன் முகம் வீங்கியிருக்கிறது, சித்திரை வெயிலில் ஏன் முழுக்கைச் சட்டை என்று. ஒன்றுக்காவது நிஜமான பதில் வந்ததா?

அதற்கு வருகிறேன். அதற்கு முன்னால் விளக்கு விஷயம். விளக்கு என்கிற வரிசையில் 'அணைத்தால்' என்கிற கட்டத்துக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்றுவிட்டேன். சாமிக்கு ஏற்றின விளக்கை ஊதி அணைக்கிறதாவது, அதற்கு என் வாயால் ஒரு பதிலாவது.

"அக்கா, இது நெசமான விளக்கில்லீங்க. படம்."

"சாமியும் படந்தான். கும்பிடறமா இல்லியா?"

ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் நீ வேறு வழி செய்தாய். எந்தப் பொருளுக்கு எந்தச் செயல் ஆகாதோ, அந்தச் செயலே அங்கே கண்ணில் படாதபடி மறைத்துவைக்க ஒரு வசதி. அதைச் செய்ய இரண்டு வாரம் ஆயிற்று. பிறகு ஒருநாள் மாடியிலிருந்து ஓடி வந்தாய். "அக்கா, உங்க சாமி பயத்துல ஒரு வசதி வந்துச்சல்ல, அத போலந்துல ஒருத்தரு எடுத்துத் தன் விளையாட்டுல போட்டிருக்காருங்க. நெம்ப நல்லாருக்குன்னு எழுதியிருக்காரு." உறைமேல் உறையாக அனுப்புகிறாரே, அவரேதான். அந்த ஆளை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டது என் விளக்குதான் என்று நினைத்தால் இப்போது அதற்கும் எரிச்சல் வருகிறது.

நீ அதை விற்கவில்லை. உள்ளே எப்படிச் செய்தது என்பதையும் சேர்த்து ஊருக்கெல்லாம் திறந்துபோட்டாய். என் வீட்டுக்காரர், கட்டிங் டேபிளில் நின்று நின்று கால் நரம்பு சுருண்ட மனுஷர், சோற்றைப் பிசைந்தபடியே உன்னைக் கேட்டார்.

"ஏம் மாப்ள, பேட்டர்ன எவனாச்சும் ரோட்டுல ஒட்டுவானா? எடுத்துட்டுப் போய் அவம்பேரு போட்டுக்குவானே?"

"போட்டுக்கட்டுமுங்க மாமா. அக்கா பாவக்கா வறுவல பக்கத்து ஊட்டு அக்காவுக்குச் சொல்லிக் குடுத்தாங்கல்ல. அவங்க அதுல வெல்லம் போட்டாங்க. அப்பறம் நம்ம ஊட்லயும் வெல்லந்தானுங்களே?"

"நான் ஒண்ணும் அவகிட்டப் பாத்து வெல்லம் போடல," என்றேன். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தீர்கள். சத்தியமாக அவளைப் பார்த்துத்தான் போட்டேன். அதை இப்போது சொல்லி என்ன.

போன வருஷம் பங்குனியில் நாங்கள் பழனிக்குப் போய்வந்தோம். பஞ்சாமிர்தம் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். நீ நெற்றியில் திருநீறு மட்டும் வைத்துக்கொண்டு, பஞ்சாமிர்தத்தை வேண்டாம் என்று தட்டில் வைத்துவிட்டாய். சாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்குப் படித்துவிட்டாயா என்று ஆரம்பித்தேன். விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் விடவில்லை. கல்யாணம் பண்ணாமல் இருப்பது, மாப்பிள்ளைக்கு அக்காவாக இணைச்சீர் செய்கிற உரிமை எனக்கு இருந்தும் ஒரு பட்டுச்சேலை கட்டி உன் மணவறையில் நிற்க விடாமல் செய்தது, முருகனையே மதிக்காதது, எல்லாவற்றையும் இழுத்துப் போட்டேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தாய். முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது எனக்கு.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பூட்டு விஷயத்தைச் சொன்னாய். வீட்டுக்காரர் சோமனூரில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார்.

"அக்கா, அந்தக் கருவி இருக்கற எடத்துக்கு ஒரு பாஸ்வேர்டு இருக்குதுங்க. எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கட்டும்."

"உனக்கு என்னடா ஆகப்போவுது?"

"பஸ்ஸுல போறவனுக்கு என்ன வேணா ஆகுமுங்க்கா. சும்மா ஒரு பேச்சுக்கு."

"எங்கிட்டயா சொல்றே? நான் வாயத் தெறந்தா அவிநாசி வரைக்கும் கேக்கும்னு நீதானே ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறே."

"அதுக்குத்தான் நீங்க வெளிய சொல்லவே முடியாத ஒண்ண வெச்சிருக்கேன்."

"என்னது?"

"மாமா பேரு. தொடர்ந்து ரெண்டு தடவ."

கையில் இருந்த வெங்காயத்தை உன்மேல் எறிந்தேன். நினைவிருக்கிறதா? முப்பத்தொரு வருஷமாக அந்தப் பெயர் என் நாக்கில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் அட்டையை நீட்டுவேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளைப் பார்ப்பேன், அவள் சொல்வாள். கோவிலில் அர்ச்சனைக்குக்கூட நட்சத்திரத்தை மட்டும் சொல்லி நிறுத்துவேன். அவர் ஆயுசுக்கு ஆகாது என்று என் மாமியார் சொன்னதை நான் நம்புகிறவள். அதை எடுத்து ஒரு பூட்டுக்கு வைத்திருக்கிறாய்.

"உனக்கு வெளையாட்டாப் போச்சா?"

"வெளையாட்டுக்குத்தானுங்க்கா பூட்டே," என்றாய். பிறகு குரலை இறக்கி, "நீங்க எல்லாம் பேசுவீங்க. பேசக்கூடாதுன்னு நீங்க வெச்சத ஒருநாளும் பேசுனதில்ல. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல அவ்வளவு பத்தரமான எடம் வேற இல்லீங்க. மாமாகிட்டக்கூடச் சொல்லாதீங்க" என்றாய்.

நானும் சொல்லவில்லை. எட்டு மாதம் முன்பு கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து நாங்கள் ஓடும்போதும் சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் கோயமுத்தூரில் சரக்கு வாங்குகிற பையரோடு மீட்டிங் என்று நீ போனதெல்லாம் அந்த ஆஸ்பத்திரிக்குத்தான், இரண்டு வருஷமாக உன் இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை, ரத்தத்தைச் சுத்தப்படுத்தக் கையில் ஊசி ஏற்றி ஏற்றி வீங்கின நரம்பை மறைக்கத்தான் அந்த முழுக்கைச் சட்டை என்று அங்கே இருந்த ஒரு நர்ஸ் பெண் சொன்னாள். "உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை உன்னால் எனக்குக் கிடைத்தது. வாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சையும் சேர்ந்த பஞ்சாமிர்தம் உனக்கு விஷம் என்றும் அவள்தான் சொன்னாள். உன் முகத்தை நான் பார்த்தபோது வெள்ளைத்துணி போட்டிருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். யாரிடமும் சொல்லாமல் தனியாகத் தாங்கினான் பாவி என்று நினைத்து அழுதுகொண்டு இருந்திருப்பேன். உனக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட மறுவாரம் முதல் உறை வந்தது. நம் தெருமுனையில் பிரவுசிங் சென்டரில் இருக்கிறாளே ஜெபா, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், பனியன் கம்பெனிக்கு வந்த குடும்பம், அவளிடம் எடுத்துப் போனேன். அவள் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். கருவி இருக்கிற அந்த இணையப் பக்கத்தில் பொறுப்புக்கு இரண்டாவது ஆளாக நீ என் பெயரையும் முகவரியையும் எழுதிவைத்திருந்தாயாம், அதைப் பார்த்து எழுதுகிறாராம்.

"உங்க தம்பி சீக்க பத்தி அவரே எங்களுக்கு எழுதியிருந்தாரு, அதனால நாங்க மனசத் தயாராக்கிட்டுத்தான் இருந்தோம், இருந்தாலும் தாங்கலன்னு சொல்லுதாரு."

"திருப்பிப் படி," என்றேன்.

"அவரே எழுதியிருந்தாரு..."

"எப்ப?"

"போன வருஷம்னு போட்டிருக்குமா."

அப்படியென்றால் அந்தக் கருவியை வைத்து விளையாட்டு செய்கிற நாற்பது ஐம்பது பேர், உன் முகத்தைப் பார்க்காதவர்கள், ஒரு வாய் சோறு போடாதவர்கள், அத்தனை பேருக்கும் தெரியும். மாடிக்குக் கீழே இருந்த எனக்குத் தெரியாது. அவர்களுக்கு உண்மை, எனக்குப் பூட்டு. அந்தக் கடிதத்தை மடித்துச் சாமி மாடத்துக்கு அடியில் போட்டேன். பதில் போடவில்லை.

இரண்டாவது உறையில் விவரமாக எழுதியிருந்தார். புதிய கம்ப்யூட்டர்களில் கருவி பாதியில் நின்றுவிடுகிறதாம். அதைச் சரிசெய்து வைத்திருக்கிறார்களாம். ஆனால் பூட்டைத் திறந்தால்தான் அந்த இடத்தில் வைக்க முடியுமாம். வைக்காவிட்டால் அதில் செய்த விளையாட்டுகள் ஒவ்வொன்றாக ஓடாமல் போகுமாம். "அப்ப அதக் காப்பி எடுத்து வேற எங்கயாச்சும் வெச்சுக்கட்டுமே, அவந்தான் தெறந்து போட்டிருக்கானே," என்றேன். ஜெபா கடிதத்தில் தேடிப்பார்த்து அதற்கும் பதில் சொன்னாள்.

"வைக்கலாமாம். சட்டப்படி ஒண்ணும் தடையில்லையாம். ஆனா வேற பேருல, வேற எடத்துல வைக்கணும். அவர் வச்ச வாசல அடச்சிட்டுப் போக மனசு வரலங்காரு."

உன் வாசல் என்று எனக்கு வகுப்பு எடுக்கிறார். அடைந்து கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதுவரை எழுதிவிட்டு எழுந்தேன். கோபத்தில் பேனாவே தாளைக் கிழிக்கிறது. சோறு வடித்தேன், வீட்டுக்காரருக்குப் போட்டேன், அவர் கட்டிலில் சாய்ந்தார். மூன்றாவது உறையை எடுத்துக்கொண்டு ஜெபாவிடம் போனேன். படிக்கக் கேட்டுவிட்டு, இனி எழுத வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடுவோம் என்றுதான் போனேன். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இந்த முறை போலந்துக்காரருடைய கடிதம் நாலே வரி. இதுதான் கடைசிக் கடிதம், இனித் தொந்தரவு செய்ய மாட்டேன், ஆனால் இது உங்களிடம் இருக்க வேண்டியது என்று எழுதி, கூடவே ஒரு தாள் வைத்திருந்தார். விளையாட்டு செய்கிற அந்தக் குழுவுக்கு நீ எழுதினதை அச்சடித்து அனுப்பியிருந்தார். ஜெபா படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, என் முகத்தைப் பார்த்தாள்.

"படி புள்ள."

"சிறுநீரகம் போயிடுச்சு, கொஞ்சநாள்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு, அதனால யாராச்சும் வேலைகளப் பழகிக்கோங்கன்னு முதல்ல எழுதியிருக்காரு. அப்புறம் இது. 'என் அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. இந்தக் கருவியில் இருக்கிற பதில்கள் எல்லாம் அவளுடையவை. இன்று பஞ்சாமிர்தம் சாப்பிடாததற்கு அரை நாள் திட்டினாள். காரணம் தெரிந்தால் திட்டுவதை நிறுத்திவிடுவாள். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் மெதுவாகப் பேசுகிற வீட்டில் எனக்கு இருக்கத் தெரியாது.' அவ்வளவுதாம்மா இருக்கு."

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பீகார்ப் பையன் ஊருக்கு ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் திரும்பிப் பார்த்தான், நான் அழுகிறேன் என்று. நான் அழவில்லை. எனக்கு அப்போது வந்த கோபம் இந்த எட்டு மாதத்தில் வந்ததில்லை.

"தெற," என்றேன்.

"என்னதும்மா?"

"அவன் எடத்தத் தெற. பூட்டுக்கிட்டக் கொண்டுபோ. என் பதிலெல்லாம் அதுக்குள்ளதான் இருக்குது."

ஜெபா கொண்டுபோனாள். சொல் கேட்கிற கட்டம் வந்தது. "சொல்லுங்க, நான் அடிக்கேன்," என்றாள்.

"சொல்ல முடியாது. நீ எந்திரிச்சு அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் திரும்பி நின்றாள். இடுப்புப் பையில் இருந்து வீட்டுக்காரருடைய வாக்காளர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். ஆமாம், கொண்டுபோயிருந்தேன். இனி எழுதாதே என்று சொல்லப் போகிறவள் எதற்கு அட்டையை எடுத்துப் போனாய் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. கேட்காதே. முருகனிடம், ஆயுசைக் குறைத்தால் என் ஆயுசிலிருந்து எடுத்துக்கொள், அவர் மேல் கை வைக்காதே என்று சொல்லிவிட்டு, அட்டையில் இருந்த ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து ஒரு விரலால் அடித்தேன். திரையில் எழுத்து தெரியவில்லை, புள்ளி புள்ளியாகத்தான் விழுந்தது. பார்க்கக்கூடாததை மறைத்தே வைத்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் நிம்மதி. ஒரு தடவை முடிந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாவது தடவையும் அடித்தேன். முப்பத்தொரு வருஷம் சொல்லாததை ஒரே நாளில் இரண்டு முறை.

திறந்துகொண்டது. ஜெபா அந்தப் போலந்துக்காரரின் பெயரைச் சேர்த்தாள். "அவரு உள்ள வந்ததும் பாஸ்வேர்ட மாத்திருவாரும்மா, அதான் வழக்கம். பரவால்லியா?" என்றாள்.

"மாத்தட்டும். நல்லதாப் போச்சு. அந்தப் பேர ரோட்டுல வெச்சிருந்தது போதும்."

"அவருக்குப் பதில் ஏதும் எழுதணுமா?"

"எழுது. குடுத்துட்டேன். ஒழுங்காப் பாத்துக்கோங்க. எனக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சிருந்தத நான் மன்னிக்கல. அவ்வளவுதான்."

"இப்படியேவாம்மா எழுதணும்?"

"இப்படியே எழுது."

எழுதினாளோ, இல்லை கொஞ்சம் தேனைத் தடவினாளோ, எனக்கு ஆங்கிலம் தெரியாது. பத்து நிமிஷத்துக்குள் அங்கிருந்து பதில் வந்துவிட்டது. நன்றி என்று ஒரு சொல், அதற்குக் கீழே, மாதிரி விளையாட்டில் என் பதில்களில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டோம் என்று. நான் கேட்கவே இல்லை அதை.

வீட்டுக்கு வந்தேன். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். "எங்க புள்ள போயிருந்தே, டீக்கு நேரமாச்சு," என்றார். முழுசாக, நன்றாகத்தான் இருக்கிறார். டீ வைத்துக் கொடுத்துவிட்டு, இதோ மறுபடியும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ என்னைத் தப்பாகப் புரிந்துவைத்திருந்தாய் தம்பி. நான் நிறுத்தியிருக்க மாட்டேன். அந்தக் கோயமுத்தூர் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்து, அவிநாசி தாண்டுகிற வரைக்கும் திட்டியிருப்பேன். கை நரம்பில் ஊசி ஏற்றுகிற நாலு மணி நேரமும் திட்டியிருப்பேன், அந்த நர்ஸ் பெண் வெளியே போங்கம்மா என்று சொல்கிற அளவுக்கு. பஞ்சாமிர்தத்தை உன் கண்ணில் படாமல் நானே தின்றுவிட்டு, அதற்கும் உன்னையே திட்டியிருப்பேன். என் ஒரு சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று நீ சொல்லியிருப்பாய், அதற்கு ஒரு வருஷத்துத் திட்டு தனியாக இருந்திருக்கும். மெதுவாகப் பேச எனக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது? கூடப் பிறந்து நாற்பது வருஷம் பக்கத்திலேயே இருந்தும் அது உனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

அந்த இரண்டு வருஷத்துக்கு உரிய திட்டு அத்தனையும் இன்னும் என்னிடமே இருக்கிறது. அதை வேறு யார்மேலும் இறக்கிவைக்க மாட்டேன்.